புது டிரைவ் துப்பிய டேப்

சின்னனின் குரல் ஆறாயிரம் ரூபாய்க்குப் போயிற்று. ஐயாயிரத்தில் நின்ற வியாபாரியிடம் ஆயிரம் ஏற்றி வாங்கியது முகமது இஸ்மாயிலின் சாமர்த்தியம்.

ஏற்காட்டு மலையில் நடந்த கல்யாணங்களில் பாதி இஸ்மாயிலின் வீடியோ ஸ்டுடியோ அலமாரியில், கறுப்பு டேப் பெட்டிகளுக்குள் அடங்கியிருந்தது. இந்த வருஷம் சேலத்து வியாபாரி எல்வின், அந்த டேப்பில் வீடியோவைப் பதிந்து படிக்கும் கம்ப்யூட்டர் கருவியில், புது டேப் டிரைவ் ஒன்றைக் காட்டினான். பழைய டேப் எட்டில் கொள்வதை இதற்கான ஒரே டேப் விழுங்கிவிடும். இஸ்மாயில் குடும்பத்தில் குக்கரைக்கூடப் பழசைத் தள்ளிவிடாமல் வாங்கியதில்லை. பழைய டிரைவும் அந்த ஆறாயிரத்துக்கு எக்ஸ்சேஞ்சில் போனது.

"அத்தா, பழைய டேப்பையெல்லாம் புதுசுக்கு மாத்திட்டுக் குடுங்க," என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் மகள் ரிஸ்வானா.

"ஆஃபர் வெள்ளிக்கிழமையோட முடியுது கண்ணு. டேப்பு எங்க ஓடிப்போவுது?"

டேப் எங்கும் ஓடவில்லை. அதுதான் வம்பாயிற்று.

கரடியூர் கலா வந்தாள். அவள் அப்பா சின்னன் போன மாதம் இறந்திருந்தார். "ஏனுங்க பாய், ஊட்டுல போட்டோ நெறையக் கெடக்குதுங்க. எங்கப்பன் பேசுனது மட்டும் எங்கியும் இல்லீங்க. எங் கண்ணாலத்துல பேசியிருப்பாருங்க."

இஸ்மாயில் அவள் கல்யாண டேப்பைப் புது டிரைவில் செருகினார். அதே அளவு, அதே வடிவம். டிரைவ் உள்ளே இழுத்தது, கொஞ்சம் யோசித்தது, வெளியே துப்பியது. துடைத்துப் போட்டார். துப்பியது.

"இந்த டிரைவு ஒரு தலைமுறை முந்துன டேப்பத்தான் படிக்கும் அத்தா. நம்ம டேப்பு அதுக்கும் பழசு."

"பாட்டன மதிக்காத சனியனுக்கா இத்தன காசு குடுத்தேன்?"

"பூட்டுன பொட்டியப் பத்திரமா வெச்சுக்கிட்டுச் சாவிய வித்துருக்கீங்க," என்றாள் உள்ளிருந்து மனைவி ஹலீமா. "அதுவும் நல்ல வெலைக்கு."

இஸ்மாயில் எல்வினுக்குப் போன் போட்டார்.

"அந்த டிரைவுங்களா? இருக்குதுங்க பாய். விக்கறதில்லீங்க. உங்களாட்டம் புத்திசாலிங்க ஆறு பேரு கேட்டுட்டாங்க. வாடகைதானுங்க. நாளுக்கு ரெண்டாயிரம்."

பேரம் பேச இஸ்மாயிலின் வாய் திறந்தது. எதிரே கலா அந்த டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, அனுப்பு," என்றார்.

ஹலீமா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பஸ்ஸில் டிரைவ் மலையேறி வந்தது. மூன்று மணி நேர வீடியோவில் சின்னன் வாயே திறக்கவில்லை. கடைசியில் பந்தி. கேமரா நெருங்கியதும் இலையிலிருந்து நிமிர்ந்து முறைத்தார்: "அட, அந்தப் பக்கமாப் போய்ப் புடி சாமி! மனுசன ஒரு வாய் சோறு திங்க உடறீங்களா?"

கலா சிரித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பனேதானுங்க. இன்னொருக்காப் போடுங்க."

அதை அவள் போனில் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு இஸ்மாயில் திரும்பினால், ரிஸ்வானா அலமாரியை எண்ணி முடித்திருந்தாள்.

"எல்லாத்தையும் மாத்திரலாம் அத்தா. நாளுக்கு மூணு டேப்பு ஆகும். வாடகை எவ்வளவு வருதுன்னு பெருக்கட்டுங்களா?"

"வேண்டாம். எண்ணிக்கைய மட்டும் சொல்லு."

பழைய டேப் தொண்ணூற்று நாலு. மாற்றியது ஒன்று. பாக்கி தொண்ணூற்று மூன்று.