மீன் வாடை

விசாலாக்ஷிக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அதைவிட நீளம், அந்த மூக்கின்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை. டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் பருப்பு அடிப்பிடித்தாலும் அந்த வீட்டுக்காரிக்கு முன் இவளுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் ஒரு நாள் மீன் வாடை அடித்தது. ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவளுக்கு மீன் வாடை எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் மீன்கடைப் பக்கம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள்தானே.

அந்த வீட்டுக்குள் நடமாடுகிறவர்களில் மீன் தின்கிறவள் ஒருத்திதான். பாத்திரம் தேய்த்து, துணி தோய்க்கும் வேலம்மாள். சேலத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து குடிசையில் இருந்தாள். விசாலாக்ஷி கண்டித்ததும் மீனையே விட்டுவிட்டேன் என்றாள். வாடை போன மாதிரி இருந்தது, பிறகு திரும்பி வந்தது. இவள் பொய் சொல்கிறாள் என்று விசாலாக்ஷி முடிவு கட்டினாள். கணவர் சேஷன் ஆபீஸுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வாசலில் வைத்துச் சொன்னாள். வேலம்மாள் ஏதோ சொல்ல வந்து, சேஷனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். விசாலாக்ஷி அதோடு விட்டாளா? எதிர் ப்ளாக் ருக்கு மாமியிடமும் மாடி வீட்டிலும் போய்ச் சொன்னாள். அவர்களும் வேலம்மாளை நிறுத்திவிட்டார்கள்.

வேலம்மாள் போனாள், வாடை போகவில்லை. ஒரு மத்தியானம் குளியலறையில் துணி மாற்றும்போதுதான் விசாலாக்ஷிக்கு உறைத்தது. வாடை அவளிடமிருந்தே வந்தது. சில நாளாக நீர்த்த வெள்ளைப்படுதல் வேறு. மாதவிலக்கு முடிந்ததும், கணவரோடு இருந்த பிறகும் வாடை அதிகமாகும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றாகிவிட்டது. அப்போதாவது வேலம்மாளைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

பாவத்தைக் கழுவுகிற வேகத்தில் கழுவினாள். வெந்நீரில் கிருமிநாசினியைக் கலந்து காலையும் மாலையும் உள்ளே விட்டு அலசினாள். கழுவக் கழுவ வாடை கூடியது. பம்பாய் டூர் போன இடத்தில் சேஷன் எதையாவது தேடி வைத்துக்கொண்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். இரண்டாம் முறை ரசம் கேட்கவே தயங்குகிற மனிதர், பாவம்.

கடைசியில் டாக்டர் வடிவுவிடம் போனாள். திருநெல்வேலிக்காரி, கண்டிப்பானவள். ஒரு வாரம் மாத்திரை கொடுத்தாள், சரியானது. இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி வாடை. மூன்றாம் தடவை, வீட்டில் என்ன செய்கிறாய் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டாள். விசாலாக்ஷி தலையைக் குனிந்துகொண்டு கிருமிநாசினியைச் சொன்னாள்.

“ஏம்மா, தயிருக்கு உறை ஊத்திட்டு அதுமேல கிருமி மருந்தையும் ஊத்துவியா? அங்கே நல்ல கிருமியும் இருக்கு. அதைக் கொன்னா மத்தது பெருகத்தான் செய்யும். இது அழுக்கு இல்ல. யார் செஞ்ச தப்பும் இல்ல.”

வெறும் தண்ணீரால் வெளியே கழுவினால் போதும், உள்ளே எதையும் விடாதே, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்றாள். சிலருக்கு இது திரும்பத் திரும்ப வரும், வந்தால் வெட்கப்படாமல் வா, புருஷன்மேல் சந்தேகப்படாதே என்றும் சொல்லி அனுப்பினாள்.

ஆறுதலுக்குத்தான் டாக்டர் சொன்னாள், யார் செஞ்ச தப்பும் இல்லை என்று. பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் விசாலாக்ஷியைக் குத்தியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வியாதி யார் தப்பும் இல்லை, சரி. வேலம்மாளின் பிழைப்பில் மண்ணைப் போட்டது யார் தப்பு?

மறுநாள் விசாரித்துக்கொண்டு போனாள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் வேலம்மாள் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் சிராய்ப்பு. அதைப் பார்த்ததும் விசாலாக்ஷிக்கு அழுகை வந்துவிட்டது.

“வேலம்மா, அந்த வாடை உன்னோடது இல்லே. என்னோடது.”

“தெரியும்மா,” என்றாள் வேலம்மாள். “உங்க பாவாடையைத் தோய்ச்சவ நான்தானே. ஐயா நிக்கும்போது அதை எப்படிச் சொல்றது?”

வேலைக்குத் திரும்பி வா என்று விசாலாக்ஷி கெஞ்சினாள். வேலம்மாள் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்க வீட்டுக்கு வேணாம்மா. அந்த ரெண்டு வீட்ல மட்டும் சொல்லிடுங்க.”

வழியெல்லாம் விசாலாக்ஷிக்குப் பொய்கள் தோன்றின. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்லலாம். பரண்மேல் எலி செத்துக் கிடந்தது என்று சொல்லலாம். ருக்கு மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்ததும் எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. மாத்திரை, டாக்டர், கிருமிநாசினி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மாமி அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எனக்கு ஒரு நாள்கூட அவகிட்ட எந்த வாடையும் வரலைடி, விசாலம். உன் மூக்கு தப்பாதேன்னுதான் அவளை நிறுத்தினேன்.”

குனிந்த தலையோடு விசாலாக்ஷி எழுந்தாள். மாடி வீடு இன்னும் பாக்கி இருந்தது.