தண்ணீர் வேண்டாம், உப்பு போதும்

"உள்ள வராத! தோட்டத்துப் பக்கம் போயி தலைக்கு ஊத்திக்கினு வா!"

மகளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள் சுலோசனா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் கீதாஞ்சலி செய்த குற்றம், பள்ளிக்கூடத்தில் மலர்கொடியின் கையைப் பிடித்தது. மலர்கொடி காலனிப் பெண். அவளுடைய அம்மா இவர்களின் உப்பளத்தில்தான் உப்பு சுமக்கிறாள். அவள் தொட்டுச் சுமந்த உப்பு சமையலறை வரைக்கும் வரலாம், அதற்குக் குளியல் கிடையாது.

"தண்ணி மூலக்கூறும்மா. அவ ஆக்சிஜன், நானும் ரேணுகாவும் ஹைட்ரஜன். ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டுப் பங்கு வச்சிக்கிறோம். கையப் புடிக்காம எப்படிம்மா தண்ணி வரும்?"

"மோட்டாரப் போட்டா வரும். போடி!"

அறிவியல் கண்காட்சிக்காக மேரிசெல்வி டீச்சர் ஏற்பாடு செய்திருந்த நிகழ்ச்சி அது. வகுப்பில், எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்துக் காட்டும் லூயிஸ் அமைப்பைப் பிழையில்லாமல் வரைகிறவள் மலர்கொடி ஒருத்திதான். கீதாஞ்சலி ஹைட்ரஜனைச் சுற்றியும் எட்டுப் புள்ளி வைத்துவிடுவாள். "அதுக்கு ரெண்டே போதும்டி" என்று மலர்கொடி அழித்துத் தருவாள். ஆக்சிஜன் பங்கு போடாத நான்கு எலக்ட்ரான்களுக்காகத் தன் சீருடையில் இரண்டிரண்டாக ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டிவைத்திருந்தாள். அவள் முதன்முதலாக ஏறப்போகிற மேடை அது. பாவம், அதற்கும் வந்தது வினை.

மறுநாள் கீதாஞ்சலியின் அப்பா கன்னியப்பன் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "பாடத்த நான் வேணாங்கல சார். அந்தப் பொண்ண எடுத்துட்டு வேற பொண்ணப் போடுங்க."

தலைமையாசிரியர் நல்லவர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் நம் ஊர்களில் எதுவுமே மாறுவதில்லை.

அவர் மேரிசெல்வியைக் கூப்பிட்டனுப்பினார். "தண்ணி எதுக்கு டீச்சர்? நம்ம ஊருக்கு உப்பு இல்லியா? சோடியம் எலக்ட்ரானக் குடுக்குது, குளோரின் வாங்கிக்குது. பங்கும் இல்ல, கைபுடிக்கிறதும் இல்ல. மலர்கொடி குடுக்கட்டும், கீதாஞ்சலி வாங்கிக்கட்டும்."

கன்னியப்பனின் முகம் மலர்ந்தது. ஒரு பக்கம் கொடுக்க, ஒரு பக்கம் வாங்க, உப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அதுதானே! "இது பாடம் சார்! கைபடாம தட்டுல வச்சிக் குடுக்கட்டும்" என்றார்.

"சரிங்க சார்" என்றார் மேரிசெல்வி.

கண்காட்சி அன்று கன்னியப்பன் முன்வரிசையில், கல்வி அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தார். மலர்கொடி தன்னிடமிருந்த ஒரே பொட்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். ஏழு பொட்டோடு நின்ற கீதாஞ்சலி அதை எடுத்து எட்டாவதாக ஒட்டிக்கொண்டாள். கன்னியப்பன் கைதட்டினார். தட்டி முடிப்பதற்குள் இருவரும் முன்னால் வந்து இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன டீச்சர் இது?" தலைமையாசிரியர் பதறினார்.

"நீங்க சொன்ன உப்புதான் சார். குடுத்தது பிளஸ் ஆயிடும், வாங்குனது மைனஸ் ஆயிடும். ரெண்டும் இழுத்து ஒட்டிக்கும். ஒட்டலன்னா உப்பே கிடையாது சார்."

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. "உங்க பொண்ணா? பிரமாதம்!" என்று கன்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோகிராபர் குறுக்கே வந்தார். "சரியா விழல. இன்னொரு தடவ கட்டிப்புடிங்கம்மா. அப்பாவும் மேடைக்கு வாங்க சார்."

கன்னியப்பன் சிரித்த முகத்தோடு ஏறினார். அதிகாரி பார்க்கும்போது வேறென்ன செய்வார்?

படம் எடுத்து முடிந்தும் கீதாஞ்சலி பிடியைத் தளர்த்தவில்லை.

"போதும், விடுடி" என்று கிசுகிசுத்தாள் மலர்கொடி.

"இருடி, எங்கப்பா பாத்துக்கினு இருக்காரு."