எண் வரியில் மூன்று துணுக்குகள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் உள்ள ஸ்டிக்கர் கடையில், வினைல் வெட்டும் இயந்திரம் ஒரு கடைவாய்ப் பல்லின் படத்தைப் பாதி வெட்டிய நிலையில் நிறுத்தப்பட்டது.

நிறுத்தியது அண்ணி. கடை அண்ணனுடையது, கண்ணாடியிலும் வண்டியிலும் ஒட்டுகிற வேலையை அவன் பார்த்துக்கொண்டான். இயந்திரம் அண்ணியின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு முன்புவரை ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த தங்கை, இப்போது ஜன்னலோர மேசையில் கணினி முன்னால் உட்கார்ந்து படம் போட்டுக் கொடுத்தாள். அண்ணி அவளை ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி கேலி, பாதி பெருமை. எந்தப் பாதி எப்போது என்பது குரலில் தெரியும்.

இப்போது கேலி. பல்லுக்குக் கீழே தங்கை மென்மையான சாம்பல் நிழல் ஒன்று போட்டிருந்தாள். திரையில் அது அழகாக இருந்தது. கத்திக்கு நிழல் தெரியாது. கோடு மட்டும்தான் தெரியும். படத்தைக் கோடாக மாற்றியபோது அந்த நிழல் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டித் தீவுகளாக உடைந்திருந்தது. கத்தி ஒவ்வொன்றையும் சுற்றி வர முயன்று, வினைலைத் துருவிய தேங்காய் மாதிரி ஆக்கிவிட்டது.

அண்ணி அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுத்துகளைப் பற்றிக் கேட்டாள்.

"இது டைப் பண்ணதா, ட்ரேஸ் எடுத்ததா?"

"டைப் பண்ணதுதான் அண்ணி."

அது பொய். போன வாரம் தங்கை, பல் டாக்டரின் பெயர், நேரம், பதிவு எண் எல்லாவற்றையும் படம் திருத்தும் மென்பொருளில் டைப் செய்துதான் வைத்தாள். எழுத்துகளைக் கையால் இழுத்துக் கொஞ்சம் தடிப்பாக்கினாள். டாக்டருக்குப் போனில் அனுப்பினாள். அவர் மூன்று இதயம் போட்டுச் சம்மதம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எல்லா அடுக்குகளையும் ஒரே படமாகச் சேர்த்துச் சேமித்துவிட்டு, அடுக்குகள் தனித்தனியாக இருந்த கோப்பைச் சேமிக்காமலே மூடிவிட்டாள். ஸ்டூடியோவில் அப்படித்தான் பழக்கம். ஆல்பம் அச்சுக்குப் போய்விட்டால் பிறகு யாரும் எழுத்தைத் தொடப்போவதில்லை. திங்கட்கிழமை திறந்து பார்த்தபோது எழுத்து எழுத்தாக இல்லை. வெறும் புள்ளிகளாக இருந்தது. திரும்ப டைப் செய்து, எவ்வளவு தடிப்பாக்கினோம் என்று யோசித்து, அளவு பார்த்து வைக்க ஒரு மணி நேரம் ஆகும். முடித்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய அவளுக்குக் கை வரவில்லை. ட்ரேஸ் பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் தானாகவே புள்ளிகளின் ஓரத்தைப் பிடித்துக் கோடு வரைந்து கொடுத்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்குச் சுகாதாரத் துறை ஆய்வாளர் டாக்டரின் புது மருத்துவமனைக்கு வருவதாக இருந்தது. முகப்பில் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. இன்று தவறினால் அடுத்த முறை ஜூனில்தான். டாக்டர் பழைய வேலையை விட்டாயிற்று. நோயாளி உட்காரும் நாற்காலி வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நடு அறையில் கிடந்தது. திங்கட்கிழமை ஒரே நாளில் அவர் ஆறு தடவை போன் செய்திருந்தார்; ஒவ்வொரு தடவையும் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டே பேசினார்.

தங்கை நிழலை அழித்தாள். மறுபடி ட்ரேஸ் எடுத்தபோது, இந்தத் தடவை தீவே வரக்கூடாது என்று, மழமழப்பு அளவைக் கடைசிவரை ஏற்றினாள். கோடுகள் நெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு வந்தன. பல் நன்றாக இருந்தது. எழுத்துகளை ஒரு பார்வை பார்த்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள். கோப்பை அனுப்பினாள்.

பதினொன்றரைக்கு வெட்டி முடிந்தது. அண்ணி உரிக்க ஆரம்பித்தாள். எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை ஒரே தோலாக உரித்துவிட்டு, எழுத்துகளின் உள்வட்டத்தில் அடைபட்டிருக்கும் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். மேலே இருந்து கீழே, வரி வரியாக எடுப்பாள். ஒரு வரியின் துணுக்குகளை மேசை விளிம்பில் ஒட்டிவைத்து, வரி முடிந்ததும் மொத்தமாகச் சுரண்டிக் குப்பையில் போடுவாள். பதிவு எண் கடைசி வரி. அதை முடிப்பதற்குள் அண்ணன் வாசலில் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால், கடைசி வரியின் துணுக்குகள் அப்படியே மேசை விளிம்பில் நின்றுவிட்டன.

அண்ணன் வெட்டிய ஸ்டிக்கரை ஒட்ட எடுத்துக்கொண்டு போன பிறகு தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தாள். வாசலுக்குப் போய் வந்தாள். ஓடாத மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். மின்சாரம் இல்லை என்று அண்ணி சொன்ன பிறகும் இன்னொரு தடவை கூட்டினாள்.

"உனக்கு என்ன, கால்ல சக்கரமா? ஒரு இடத்துல உக்காரு ஆர்ட்டிஸ்ட்."

உட்கார்ந்தாள். மேசை விளிம்பில் விரலை ஓட்டியபோது அந்தத் துணுக்குகள் தட்டுப்பட்டன. மூன்று. ஒன்று முக்கோணம், இரண்டு முட்டை வடிவம்.

இது எந்த வரி என்று அண்ணியிடம் கேட்டாள். கடைசி வரி, நம்பர் என்றாள் அண்ணி, ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

டாக்டரின் எண் 41327. தங்கைக்கு அது மனப்பாடம். நான்குக்குள் ஒரு முக்கோணம் இருக்கும், சரி. ஒன்றுக்குள் எதுவும் அடைபடாது. மூன்று, இரண்டு, ஏழு எல்லாமே திறந்தவை. இந்த வரியில் ஒரே ஒரு துணுக்குதான் வர வேண்டும். முட்டை இரண்டும் எங்கிருந்து வந்தன?

கணினி யூ.பி.எஸ். பேட்டரியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பெரிதாக்கினாள். 41827. தடித்த எழுத்தில் மூன்றின் முனைகள் ஏற்கெனவே நடுவை நோக்கி வளைந்திருந்தன. மழமழப்பு அந்தச் சின்ன இடைவெளிகள் இரண்டையும் மூடி, நல்ல எட்டு ஒன்றைச் செய்து வைத்திருந்தது. பார்க்கிற யாருக்கும் தப்பென்று தோன்றாத, வடிவான எட்டு.

மணி ஒன்று நாற்பது. அண்ணனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றது. அவன் எடுக்க மாட்டான். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும்போது இரண்டு கையும் நனைந்திருக்கும், போன் வண்டிப் பெட்டியில் கிடக்கும். தெரிந்தும் நான்கு தடவை அடித்தாள். டாக்டரின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து, தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி, அது டைப் பண்ணது இல்ல."

அண்ணி தலையைத் தூக்கினாள்.

"ட்ரேஸ். காலைல பொய் சொன்னேன். மூணு எட்டா ஆயிடுச்சு."

அண்ணி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். மேசை விளிம்பைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அண்ணி ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள், கத்தியையும் ஒரு சாண் வினைலையும் பையில் போட்டாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, வழியில் டாக்டருக்கு நீதான் போன் பண்ணணும் என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் உட்கார்ந்து போன் செய்தாள். டாக்டர் எடுக்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி சொட்டிக்கொண்டு நின்றது. தங்கை இறங்கிக் கேட்டருகே போய்த் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ரயில் வருவதற்கான அறிகுறியே இல்லை. நீ எட்டிப் பாத்தா சீக்கிரம் வந்துருமா என்று அண்ணி கேட்டாள். மறுபடி ஏறி உட்கார்ந்தாள், மறுபடி இறங்கினாள். கடைசியில் வந்தது சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டாள்.

இரண்டு இருபதுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆய்வாளர் ஏற்கெனவே வந்திருந்தார். முந்தைய இடத்தில் ஆள் இல்லையாம். அதனால் இங்கே நேரத்தோடு வந்துவிட்டாராம். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த, ஒல்லியான நடுவயது மனிதர். முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு கையில் டாக்டரின் பதிவுச் சான்றிதழும் இன்னொரு கையில் போனுமாக, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவருக்குப் பின்னால் கைகளைக் கோத்தபடி நின்றார். அண்ணனின் முழங்கைவரை சோப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

வந்ததும் முகப்பைப் படம் எடுப்பது ஆய்வாளரின் வழக்கம். எடுத்துவிட்டார். உள்ளே போய்ச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் எண் பொருந்தவில்லை என்று தெரிந்தது. 41827 என்பது வேறு யாரோ ஒரு பல் மருத்துவரின் எண்ணாக இருக்கும் என்றார். எண் இல்லாவிட்டால் அது குறைபாடு, இன்னொருவர் எண் இருந்தால் அது வேறு விவகாரம். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அண்ணன் கத்தியை எடுத்தான். எட்டின் இடது பக்கம் இரண்டு கீறு கீறினால் மூன்றாகிவிடும், இரண்டு நிமிட வேலை என்றான்.

"கத்திய வைங்க. படம் எடுத்தாச்சு. இனிமே மாத்தினா, நான் வந்த பிறகு மாத்தினதா ஆகும்."

அண்ணன் தணிந்த குரலில், மெஷின் தப்பு சார், கம்ப்யூட்டர்ல அப்படி ஆயிடும் என்றான். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. மெஷினுக்குக் கொடுத்ததைத்தான் அது வெட்டியது என்றாள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீதிப் பேச்சு வீட்டில் நடக்கும் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

தங்கை முன்னால் வந்தாள். "தப்பு என்னுது சார். டாக்டர் சரியான நம்பர்தான் குடுத்தாங்க."

டாக்டரின் பழைய மெசேஜைத் திறந்து போனை நீட்டினாள். மார்ச் 3 தேதியிட்ட மெசேஜ்: 41327. ஆய்வாளர் அதைப் படித்தார், தேதியையும் படித்தார்.

"அது சரிம்மா. மூணு எப்படித் தானா எட்டாகும்?"

அவள் விளக்கினாள். முதலில் நிழல், தீவு என்று எங்கெங்கோ போனாள். பிறகு நிறுத்தி, கண்ணாடியில் படிந்திருந்த சோப்பு ஈரத்தில் விரலால் ஒரு மூன்று போட்டாள். படமாக இருக்கும்போது இது நெருக்கமான புள்ளிகள் என்றாள். கத்திக்குப் புள்ளி புரியாது, ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டைக் கையால் போடலாம், எழுத்தை டைப் செய்தும் வாங்கலாம், கணினியை ஊகிக்கவும் விடலாம். நான் ஊகிக்க விட்டேன். பிசிறு வரக்கூடாது என்று சின்ன இடைவெளி எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். அது இங்கேயும் மூடிவிட்டது, இங்கேயும். விரலால் இரண்டு வாயையும் அடைத்துக் காட்டினாள். பிறகு சரிபார்க்கவில்லை.

"என் பையன் கணக்கு நோட்டுலயும் இதேதான் நடக்குது," என்றார் ஆய்வாளர். "அவன் கம்ப்யூட்டர் மேல பழி போடறதில்ல, பேனா மேல போடுவான்."

யாரும் சிரிக்கவில்லை, டாக்டர் மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார்.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட முடியாது, ஆனால் அதோடு எழுத்துப்பூர்வமான ஒரு விளக்கம் இணைக்கலாம் என்றார். யார் செய்தது, எப்படி ஆனது, கையெழுத்து, கடையின் முத்திரை. அலுவலகத்தில் ஏற்பார்களா என்று அவர் சொல்ல முடியாது. ஏற்றால் ஜூன்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்காவிட்டால் கடையின் பெயரும் அந்தக் கோப்பில் இருக்கும். அதற்குப் பிறகு எந்த மருத்துவமனையும் இவர்களிடம் முகப்பு வேலை கொடுக்கத் தயங்கும். யோசித்து எழுதுங்கள் என்றார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். கடை அவனுடையது. அண்ணன் நாற்காலியின் பிரிக்காத பிளாஸ்டிக் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, முத்திரை வண்டிப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி எடுக்கப் போனான்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். உட்கார வேறு இடம் இல்லாததால் தங்கை நோயாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கை கழுவும் மேடையில் தாளை வைத்து எழுதினாள். முதல் தாளில் 'தவறு ஏற்பட்டுவிட்டது' என்று எழுதியிருந்தாள். அதை மடித்து வைத்துவிட்டு வேறொன்று வாங்கினாள். இரண்டாவதில், எழுத்துகளை மறுபடி டைப் செய்யாமல் படத்திலிருந்து ட்ரேஸ் எடுத்தது நான், வெட்டுவதற்கு முன் எண்ணைச் சரிபார்க்காததும் நான் என்று எழுதினாள்.

அண்ணி தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

"உரிச்சது நான். ஒண்ணு வரவேண்டிய இடத்துல மூணு வந்துது, எண்ணல. அதையும் சேரு."

"அண்ணி, அது எதுக்கு?"

"சேருன்னா சேரு."

சேர்த்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் முத்திரை குத்தினான். ஆய்வாளர் தாளைப் படிவத்தோடு சேர்த்து ஊசி குத்தி, மற்ற இடங்களைப் பார்க்க உள்ளே போனார். கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டி, கழிவு வாளி, தீயணைப்பு உருளை எல்லாம் சரியாக இருந்தன. மூன்று ஐந்துக்குக் கிளம்பினார்.

எண் வரி மறுநாள் காலை டைப் செய்து, வெட்டி, ஒட்டப்பட்டது. அலுவலகம் முகப்பின் புதுப் படம் கேட்டது; மார்ச் 13 அன்று அனுப்பினார்கள். வழக்கமாக ஐந்து வேலைநாளில் வருகிற அனுமதி, எட்டு வேலைநாள் எடுத்து மார்ச் 21 அன்று வந்தது. கடையின் பெயர் கோப்பில் இருக்கிறது. மார்ச் 24, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு டாக்டர் தன் முதல் நோயாளிக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்.