காந்தம் ஒட்டிய இடம்

"இது இரும்புதானே, மகளே?" என்று தன் காரைக் காட்டிப் பென்ட்சில் ஐயா என்னைத்தான் கேட்டார்.

பட்டறையில் என் மாமா கோபினா இருந்தார். வெல்டர் ஃபிஃபி இருந்தான். காரைச் சரிசெய்தவர்கள் அவர்கள் இருவரும்தான். ஆனாலும் மூலையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து கேட்டார். வாய் திறக்காத பெண் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்திருப்பார்.

நான் பள்ளியை விட்டதே வாய் திறக்க முடியாமல்தான். ஆசிரியர் எழுப்பிவிட்டால் பதில் தெரிந்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மாமா தன் வீட்டில் இடம் கொடுத்தார், தக்கொராடித் துறைமுக ஊரில் இந்தப் பட்டறையில் தேய்க்கிற வேலையும் கொடுத்தார். தகரத்தைத் தேய்க்கப் பேச்சு வேண்டியதில்லை.

கார் அறுபத்தெட்டாம் வருடத்துப் பிரெஞ்சு வண்டி, நீல நிறம். பென்ட்சில் ஐயாவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது வாங்கியது. அவர் காலமானபின் ஐயாவின் அக்கா அதன் டிக்கியில் பத்து வருடம் சந்தைக்கு மீன் ஏற்றினாள். ஐஸ் தண்ணீரும் மீன் இரத்தமும் ஒழுகிப் பின் மட்கார்டுகளுக்குள் தேங்கின.

அதைச் சுரண்டியவள் நான். மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கத்தியை வைத்ததும் புண்ணின் பொருக்கு போலத் துரு உதிர்ந்தது. உள்ளே எப்போதோ யாரோ அடைத்த செய்தித்தாள் உருண்டை, ஒரு நைலான் காலுறை, எலிக்கூடு, அதில் காய்ந்த குஞ்சுகள். எல்லாவற்றின் மேலும் மீன் செதில்கள் நகம்போல ஒட்டியிருந்தன. பழுப்பு நீர் என் முழங்கைவரை வழிந்தது. ஓடி வாய்க்காலோரம் வாந்தி எடுத்தேன்.

"அராபா, நேத்து தின்ன கென்கே மாவுருண்டையும் சேர்ந்து வந்துருச்சா? மீன் மட்டும்தான் கேட்டோம்" என்றான் ஃபிஃபி.

துருவுக்கு வைத்தியம் ஒன்றுதான். வெளுத்த இரும்பு தெரியும்வரை வெட்டி எறிய வேண்டும். புதுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, உள்ளே தார் பூச வேண்டும். மாமாவைப்போல அதைச் செய்ய எங்கள் தெருவில் ஆளில்லை. இடப்பக்கத்தை அப்படித்தான் செய்தார். பார்க்கவே அழகாக இருந்தது. வலப்பக்கத்துக்கு வைத்திருந்த தகட்டை, அவசரமென்று வந்த ஒரு டாக்சிக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். பென்ட்சில் ஐயாவின் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஓட்டைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து மேலே பட்டி வைத்துவிடலாம் என்றார்.

பட்டியில் காந்தம் ஒட்டாது. பென்ட்சில் ஐயா ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பார். வரும்போதெல்லாம் காரின் உடம்பில் அதை ஒட்டிப் பார்ப்பார்.

அதனால் மாமா, காந்தம் பிடிக்கும் தகரத்துக்காக, என்னைப் பால் டப்பா பொறுக்கிவரச் சொன்னார்.

டீக்கடைக்குப் பின்னாலிருந்த குவியலில் பொறுக்கினேன். டப்பாக்களின் அடியில் பால் புளித்துப் பச்சையாகி, புழு நெளிந்தது. வெட்டி விரித்தேன், கழுவினேன், சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பசு சிரித்தது. அந்தப் பசுவை உள்பக்கமாகத் திருப்பி மாமா தகரத்தை ஸ்பாஞ்சின் மேல் ஒட்டினார். மேலே மெல்லிசாகப் பட்டி இழுத்தார். நான் தேய்த்தேன். நீலம் அடித்தபின் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. அதுதான் எனக்கு எலிக்கூட்டைவிடக் குமட்டியது.

பென்ட்சில் ஐயாவுக்கு அந்தக் கார் ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியும். பெயின்ட் காயும்வரை என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கேப் கோஸ்ட்டில் பெரிய குடும்பம். பெண் கேட்டுக் கதவு தட்ட வந்த அன்றே, பெண்ணை மீன் கூடையில் வைத்தா சர்ச்சுக்குக் கொண்டுவருவீர்கள் என்று ஒரு அத்தை சிரித்தாளாம். என் மகள் எகுவா தாத்தாவின் காரில் வருவாள், இப்போது வருகிற கார்கள்போலத் தகர டப்பா இல்லை, முழு இரும்பு என்று இவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பெயின்ட் காய்ந்ததும் வலப்பக்கத்தில் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டியது. முகம் மலர்ந்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மாமா கழுத்தைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்தார். தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அடைக்கவில்லை.

"இரும்புதான் ஐயா."

பள்ளியில் ஒருநாளும் வராத குரல், கணீரென்று வந்தது. வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

"நீ சொன்னா போதும். சனிக்கிழமை கல்யாணத்துக்கு வந்துடு. வரலைன்னா எகுவா கோச்சுக்குவா."

சனிக்கிழமை மூன்று முறை சோப்புப் போட்டும் விரல்களில் புளித்த பால் வாடை போகவில்லை. மாமா வேலையிருக்கிறது என்று வரவில்லை. நான் சர்ச் வாசலில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன்.

ஹாரன் முழங்கக் கார் வந்தது. ஐயாவே ஓட்டி வந்தார். எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணின் கார் நின்றதும் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். காரையே மேளமாக்கித் தட்டிப் பாடுவார்கள். பாட்டு முடியும்வரை பெண்ணை இறங்கவிடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மாமாவும் பார்த்திருக்கிறார். இருவருமே காந்தத்தை நினைத்தோம், கைகளை நினைக்கவில்லை.

இடப்பக்கம் எகுவாவின் தோழிகள் தட்டினார்கள். கணகணவென்று கேட்டது. வலப்பக்கம் மாப்பிள்ளையின் அத்தைகள். அங்கே ஈர மூட்டையை அடிப்பதுபோல் தொப் தொப் என்றது.

ஒருத்தி கையை நிறுத்தினாள். மறுபடி தட்டிப் பார்த்தாள்.

"ஏய், இந்தப் பக்கம் கார் தூங்குதுடி. எழுப்புங்க."

நாலு பேராகச் சேர்ந்து ஓங்கி அடித்தார்கள். பெயின்டில் ஒரு கோடு ஓடியது. பிறகு தட்டு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. ஓட்டைக்குள்ளிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு பிதுங்கியது. அதோடு பழைய மீன் நாற்றமும் வந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அன்று மீன் கூடை என்று சிரித்த அத்தை மட்டும் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, உயர்த்திப் பிடித்தாள்.

"சம்பந்தி, முழு இரும்புன்னு சொன்னீங்க. இதுல பால் கறக்கலாம் போலிருக்கே."

சிரிப்பு வாசலைத் தாண்டித் தெருவரை போனது. காருக்குள் எகுவா தன் வெள்ளை உடையின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயா இறங்கினார். அத்தை கையிலிருந்த துண்டை வாங்கிப் பசுவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும் நேராக நடந்து வந்தார்.

திரும்பவும் கேட்பார் என்று நினைத்தேன். இல்லை ஐயா, இரும்பில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

அவர் என் கையைப் பிடித்து விரித்து, துண்டை அதில் வைத்தார். பசு மேலே பார்த்திருந்தது. போய்க் காரின் கதவைத் திறந்தார், மகளைக் கைபிடித்து இறக்கினார். பிறகு யாரையும் பார்க்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குள் போய்விட்டார்.