மிக்கேலின் வலது கை

கோத்திருந்த விரல்களில் முதலில் சுண்டுவிரல் தளர்ந்தது, பிறகு அதற்கு அடுத்தது, எதிரணிக்காரன் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு வருகிறான், கபடி கபடி கபடி என்று அவன் மூச்சு நெருங்குகிறது, இசக்கிராஜாவின் இடது கைக்குள் மிக்கேலின் வலது கை ஈரத்துணியைப்போலக் கிடக்கிறது, பிடில, பிடிச்சிக்கோல என்று இவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான், மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை, மூலையில் நிற்கிறவன் பாடி வருகிறவனின் காலை மட்டும்தான் பார்க்க வேண்டும், கையைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும், பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் கொடுத்து வைத்திருந்தான், சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் இருவரும் விழுந்து எழுந்த நாட்களிலிருந்து, ஊர்க்கோயில் கொடை, மாதாகோயில் திருவிழா, மாவட்டம், மாநிலம், பிறகு ரப்பர் விரிப்பும் வண்ண விளக்கும் தொலைக்காட்சியும் உள்ள பெரிய லீக் வரைக்கும், இசக்கி பாடிப்போய்த் தொட்டுவிட்டு வருவான், மிக்கேல் வந்தவனின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைப்பான், சுவரொட்டியில் இசக்கியின் முகம் இருக்கும், மிக்கேலின் முகம் எப்போதும் யாரோ ஒருவனின் முழங்காலுக்குக் கீழே இருக்கும்.

அந்த ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் வைத்து இசக்கி கேட்டான், ஏல, கையில என்ன. மிக்கேல் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான், எறும்பு ஊருத மாதிரி இருக்கு மக்கா, கழுத்த இந்தப் பக்கம் திருப்புனா தோள்லருந்து நெருப்பு எறங்குது. டாக்டர்ட்ட காட்டுல, என்றான் இசக்கி. காட்டுனா உக்கார வச்சிருவானுவ, லீக் ஏலம் முடியட்டும், ஒரு வருசம் ஒப்பந்தம் கெடைச்சிட்டா போதும், அப்புறம் என்ன வேணும்னாலும் பாக்கலாம், நீ யார்ட்டயும் சொல்லிராத. சொல்ல மாட்டேன்ல, என்றான் இசக்கி. அந்தச் சொல்லை எத்தனை நாள் காப்பாற்றினான், எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது நாள்.

சென்னையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல், பகல் வெளிச்சம் உள்ளே வராதபடி கனத்த திரை, எதிரே அணியின் மேலாளர் நரேந்திரன், நடுவில் மேசைமேல் ஒப்பந்தக் காகிதம், அதில் இசக்கியின் அப்பா ஆயுள் முழுக்க உப்பளத்தில் நின்றாலும் பார்த்திராத ஒரு தொகை, மூன்று வருடத்துக்கு. இசக்கிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, இடது முழங்கால் படியிறங்கும்போது நெரிபடத் தொடங்கியிருந்தது, மேலாளருக்கு அது தெரியாது. அவர் பேனா மூடியைத் திருகியபடி சொன்னார், இசக்கி, நீங்க எங்க முகம், உங்கள ஏலத்துக்கு விடற எண்ணமே இல்ல, ஆனா கையில இருக்கறது இவ்வளவுதான், மிக்கேலையும் வெச்சுக்கணும்னா உங்களுக்கு ஒரு வருஷம்தான் தர முடியும், அவரை விட்டுட்டா மூணு வருஷம், அவர் பக்கத்துலயே நிக்கறவர் நீங்க, நீங்களே சொல்லுங்க, அவர் இன்னும் மூணு வருஷம் தாங்குவாரா. குளிரூட்டி இரைந்தது, ஆரஞ்சுச் சாற்றின் குவளை வியர்த்து மேசையில் வட்டமாக நீர் கட்டியது, தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம், அவன்ட்டயே கேளுங்க சார் என்று சொல்லியிருக்கலாம், அவன் வாய் வேறொன்றைச் சொன்னது. அவனுக்குக் கழுத்துல கோளாறு சார், கை மரத்துப்போவுது, பிடி நிக்க மாட்டேங்குது. மேலாளர் மூடியைத் திருகுவதை நிறுத்தினார், நல்ல வேளை சொன்னீங்க, என்றார். அவ்வளவுதான், ஒரு பொய்கூட இல்லை, இசக்கி அதைத்தான் பிறகு வருடக்கணக்கில் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு பொய்கூட இல்லை.

ஏலத்தில் மிக்கேலின் பெயர் வந்தது, மேசை மேசையாகத் தலைகள் குனிந்திருந்தன, சொன்ன சொல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடந்து போயிருந்தது, பெயர் இரண்டாம் முறை வரவில்லை. போனில் மிக்கேல் சிரித்தான், ஒரு பயலும் கை தூக்கலயேல, எனக்கு வயசாயிட்டு போலருக்கு, சரி விடு, நீ நல்லா ஆடு. அந்த ஆடி மாதம் உடன்குடிப் பக்கம் ஒரு கோயில் கொடை ஆட்டத்தில், மிக்கேல் காலைப் பிடிக்கக் குனிந்தபோது மேலே நாலு பேர் விழுந்தார்கள், மூன்று பேர் எழுந்தார்கள், நாலாமவனும் எழுந்தான், மிக்கேல் எழவில்லை. செய்தி வந்தபோது இசக்கி வெளிமாநிலத்தில் ஓர் அரங்கில் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான், கழுத்துக்குக் கீழ உணர்ச்சியில்லையாம் என்று யாரோ சொன்னார்கள், சுற்றி முடித்தான், எழுந்தான், ஆடினான், பதினாலு புள்ளி, அரங்கமே அவன் பெயரைக் கத்தியது, அன்றைக்குத்தான் முதன்முதலாக அது வந்தது, சங்கிலி கோத்து நின்றபோது கோத்த கையின் சுண்டுவிரல் தளர்ந்தது, திரும்பிப் பார்த்தான், பக்கத்தில் நின்றவன் ஹரியானாக்காரன், இரும்புபோலப் பிடித்திருந்தான், ஆனாலும் தளர்ந்தது, அதற்கு அடுத்த விரலும். ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பினான், ஆள் போகவில்லை. நாளைக்குப் போவோம், சீசன் முடியட்டும், முட்டி சரியாகட்டும், அம்மன் கொடைக்குப் போகும்போது போவோம், அப்படியே நாலு வருடம், எந்த ஊரில் எவன் கையைப் பிடித்தாலும் அது மிக்கேலின் கையாகித் தளர்ந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தால்கூட, தன் குழந்தையின் விரலைப் பிடித்தால்கூட. அதற்குப் பின் பதினாலு புள்ளி திரும்ப வரவில்லை, ஒன்பதானது, ஐந்தானது, பிறகு ஓரத்துப் பெஞ்சு, தொகை மட்டும் ஒப்பந்தப்படி மாறாமல் வந்தது. மூன்று வருடம் முடிந்ததும் முகத்துக்காக இன்னொரு வருடம் கொடுத்தார்கள்.

இன்று காலை பாளையங்கோட்டை வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கூப்பிட்டார், அதே குரல், இசக்கி, இந்தத் தடவை உங்கள விடறோம், தப்பா எடுத்துக்காதீங்க, கேப்டன்கிட்டயும் கேட்டோம், உங்க முட்டி ஒரு சீசன்கூடத் தாங்காதுன்னார். கேப்டன் தருண், இருபத்து மூன்று வயது, அண்ணே அண்ணே என்று பின்னாலேயே வருபவன், முட்டி விஷயம் அவனுக்கு மட்டும்தான் தெரியும், ஆளில்லாத பிசியோ அறையில் ஐஸ் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இசக்கிதான் சொன்னான், யார்ட்டயும் சொல்லிராதடே. சரி சார், என்று போனை வைத்தான், வாயில் நுரை காய்ந்துபோயிருந்தது, கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்துக்கொண்டே நின்றான், தருண்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, காரை எடுத்துக்கொண்டு தெற்கே போனான்.

கதவு திறந்தே கிடந்தது, தெருவில் நின்றபோதே தெரிந்தது, வாசலைப் பார்த்தபடி கட்டில், கட்டிலில் தலையணையால் உயர்த்திய ஒரு முகம், அந்த முகம் இவன் காரிலிருந்து இறங்கியதை, தயங்கியதை, செருப்பைக் கழற்றியதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கண்ணே, என்றாள் மிக்கேலின் மனைவி பிலோமினா, குரலில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி, படுத்திருப்பவன் பார்க்க முடியாத இடத்தில். உன் ஆட்டம் ஒண்ணு விடாமக் கேட்டேன்ல, என்றான் மிக்கேல், சத்தத்த வச்சே சொல்லிருவேன், போன வருசம் நீ எடது கால முன்ன வைக்கவே இல்ல, முட்டியா? முட்டிதான், என்றான் இசக்கி, என்னய விட்டுட்டானுவ மக்கா.  போர்வைமேல் கிடந்த மிக்கேலின் வலது கையை இசக்கி எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டான், சூடாக, கனமாக இருந்தது, விரலுக்குள் விரலைக் கோத்தான், மிக்கேலுக்குத் தெரியவில்லை, அவன் கண்கள் இசக்கியின் முகத்தைவிட்டு இறங்கவில்லை, தன் கை எங்கே இருக்கிறது என்று அவன் பார்க்கவும் இல்லை.

மக்கா, அன்னைக்கு அந்த ஓட்டல்ல வச்சி, என்று தொடங்கினான் இசக்கி, தொடங்கியதும் நிற்காமல் வந்தது, திரையும் பேனா மூடியும் மூன்று வருடமும் கழுத்தும், ஒன்று விடாமல் சொன்னான், பிலோமினா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தெரியும்ல, என்றான் மிக்கேல். மேனேஜர் அன்னைக்கே சொல்லிட்டாரு, உங்க கூட்டாளிதான் சொன்னாருன்னு. நீ சொன்னது நெசந்தான, எனக்கு ஒண்ணும் அதுல வருத்தம் இல்ல. கொஞ்சம் மூச்சு வாங்கினான். மேனேஜர்ட்ட சொன்னத ஒரு டாக்டர்ட்ட சொல்லிருக்கலாம்லா. நானும் சொல்லல, நீயும் சொல்லல. பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னான், பிலோமி, கட்டில டி.வி. பக்கம் திருப்பிப் போடு, இவன் என்னைக்காவது வருவான்னுதான் வாசலப் பாத்துப் போடச் சொன்னேன், வந்துட்டான், இனி அங்கன பாக்க ஒண்ணுமில்ல, புதுப்பயலுவ ஆட்டத்தப் பாப்போம். அவள் தனியாகத் தள்ள முடியாமல் இசக்கியைப் பார்த்தாள், அவன் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தான், தலைமாட்டுப் பக்கம் அவன் இழுக்க, கால்மாட்டை அவள் தள்ள, இரும்புக் கால்கள் சிமெண்டுத் தரையில் கீறிக்கொண்டு திரும்பின, மிக்கேலின் முகம் சுவர்ப்பக்கம் போயிற்று, இசக்கிக்கு இப்போது அவன் உச்சந்தலை மட்டும் தெரிந்தது, முடி நரைத்திருந்தது. பிலோமினா பெட்டியைப் போட்டாள், ஏதோ பழைய ஆட்டம், கூட்டத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது. போய்ட்டு வாரேன் மக்கா, என்றான் இசக்கி. சரி, போ, என்றான் மிக்கேல், வா என்று சேர்த்துச் சொல்லவில்லை, சொல்வான் என்று இசக்கி நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான்.