வயல் தாண்டிக் கேட்ட பேஸ்

பேஸ் கிடார் வாசிக்கிறவர்களிடம் எந்தக் கம்பெனி கிடார் நல்லது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் டீ ஆறிப்போகும். மேலக்காட்டூர் தெற்குத் தெருவில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். செல்லதுரை ஹாஃப்னர் கட்சி. அவன் மனைவி அம்சத்தின் அண்ணன் ரெத்தினம் ஃபெண்டர் கட்சி. மன்னார்குடியில் வேறு வேறு மெல்லிசைக் குழுக்களில் வாசித்தார்கள். கோயில் திருவிழா, கட்சி மாநாடு எதுவும் இல்லாத நாளில் இருவருக்கும் மிராசு வயலில் கூலி வேலை.

செல்லதுரையிடம் இருந்தது பழைய ஹாஃப்னர். நாகப்பட்டினத்தில் ஒரு பேண்டு கலைந்தபோது கைக்கு வந்தது. ரெத்தினத்தினுடையது ஃபெண்டர் அச்சில் கல்கத்தாப் பட்டறை ஒன்றில் செய்தது. செல்லதுரை டீக்கடையில் சணல் கயிறு ஒன்றை இரண்டு கைக்கும் நடுவே இழுத்துப் பிடித்து விளக்க ஆரம்பித்தால் இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்துவிடும்.

"பாருங்கடா. கயிறு நீளமா இருந்தா, அதே சுரத்துக்கு வெறப்பா இழுத்துக் கட்டணும். ஃபெண்டருக்குக் கழுத்து நீளம், உடம்பு முழு மரம். சத்தம் உள்ள போய் ஒளிய எடமில்ல, கம்பியிலயே நிக்கும். கும்ம்ம்னு இழுக்கும். ஹாஃப்னரு வயலின் மாரி, உள்ள வெத்து. கழுத்து குட்டை, கம்பி தொளதொளன்னு. தும். அவ்வளவுதான். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாய மூடிக்கும்."

"அப்ப உங்க வீட்டுல இருக்கறது ஃபெண்டருங்களாண்ணே?"

"டேய், அவ அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருக்கான். பாத்துப் பேசு."

ரெத்தினம் சிரித்தான். "குட்டக் கழுத்துக்கு எத்தன நியாயம் பேசறாரு பாருங்கடா நம்ம மாப்ள. பாட்டு பாதியில இருக்கறப்பவே அதுக்கு மூச்சு முட்டிப்போவுது."

ரேடியோவில் பாட்டு வந்தால் செல்லதுரை கையை உயர்த்துவான்; இது எந்தக் கிடார் என்று பையன்கள் சொல்ல வேண்டும். நாளாக ஆக அவர்கள் தப்பே விடவில்லை. ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அசல் ஃபெண்டரை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. ஹாஃப்னருக்காக அவன் அத்தனை வக்காலத்து வாங்கியதற்கு அந்த ஏக்கமும் ஒரு காரணம்.

அந்த வருஷம் தை மாதம் சம்பா முற்றி நின்றது. அரசாங்கம் அறிவித்த கூலியை விவசாயக் கூலிகளின் சங்கம் கேட்டது, மிராசு வீடுகள் மறுத்தன, அறுப்பு நின்றது. ஆளுங்கட்சிக் கொடி கட்டிய காரில் வந்த யாரோ சமாதானம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. சங்கத் தலைவர் தங்கையன் கட்டுப்பாடு போட்டார்: மிராசு வீட்டுப் பக்கம் தெருவிலிருந்து ஒருவரும் போகக் கூடாது, அரிவாளோடும் சரி, மேளத்தோடும் சரி. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிய லாரி வாய்க்கால் பாலம் வழியாகத்தான் வர முடியும். அதனால் பாலத்தில் காவல். பொழுது இருக்கும்வரை ஒருவர், இருட்டிய பிறகு இரண்டு பேர்.

இதற்கு நடுவில்தான் பெரிய மிராசுதார் நடராசன் வீட்டில் கல்யாண வரவேற்பு. கும்பகோணத்துக் குழுவின் கச்சேரி. அவர்களுடைய பேஸ்காரருக்குக் காய்ச்சல். அன்று மன்னார்குடியில் கிடார்க் கம்பி வாங்க நின்ற செல்லதுரையிடம் நடராசனின் கார் டிரைவர் வந்தார்.

"மாப்பிள்ள சிங்கப்பூர்லேர்ந்து ஃபெண்டர் கொண்டாந்திருக்காருங்க. வாசிக்கத்தான் ஆளில்ல. சும்மா பாத்துட்டாவது போங்களேன்."

பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் காரில் ஏறினான். டிரம்ஸுக்குப் பின்னால் திரை கட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்து ஃபெண்டரை மடியில் வைத்ததும் அதன் கனம் தொடையில் இறங்கியது. கட்டைவிரலால் ஒரு கம்பியைத் தட்டினான். சுரம் நின்றது. அவன் கையை எடுத்த பிறகும் நின்றது. அதற்கப்புறம் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? தெற்குத் தெரு எங்கேயோ வயலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது.

கிடாரைப் பற்றி அத்தனை தெரிந்தவன் வயலைப் பற்றி யோசிக்கவில்லை. பாட்டுக்காரியின் குரலையும் வயலினையும் மூங்கில் தோப்பும் மதில் சுவரும் தின்றுவிடும். அடிச் சுரம் அப்படியில்லை. அதன் அலை நீளமானது, தடுக்கிற எதையும் சுற்றி வளைந்து போகும். அதுவும் தை மாதத்துச் சாயங்காலம், குளிர்ந்த காற்று கதிர்மேல் படிந்து கிடக்கும்போது சத்தம் மேலே போகாமல் வயலோடு வயலாக நகரும். தெற்குத் தெருவில் அன்று பாட்டு கேட்கவில்லை. பேஸ் மட்டும் கேட்டது.

"ஃபெண்டருடா," என்றான் டீக்கடையில் ஒரு பையன். "இழுக்குது பாரு."

உள்ளூர் ஆள் ஒருவன் வந்து வாசிக்கிறான் என்று மிராசு வீட்டுச் சமையல்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளூரில் பேஸ் வாசிப்பது இரண்டு பேர். அதில் ஃபெண்டர்காரன் ரெத்தினம்.

மறுநாள் காலை கொடிக்கம்பத்தடியில் தெரு கூடியது. "நான் இருட்டுறவரைக்கும் பாலத்துல காவலுக்கு இருந்தங்க," என்றான் ரெத்தினம். தனியாக இருந்தவனுக்குச் சாட்சி இல்லை.

ஒரு பையன் எழுந்தான். "செல்லதுரை அண்ணனே சொல்லட்டும். அவரக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

எல்லாத் தலையும் செல்லதுரை பக்கம் திரும்பியது. மன்னார்குடியிலிருந்து திரும்பும்போது ரோட்டில் நின்று கேட்டதாக அம்சத்திடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். தங்கையன் கேட்டார்: "நேத்து கேட்டது எதுப்பா?"

"ஃபெண்டருதாங்க," என்றான் செல்லதுரை.

அதில் பொய் இல்லை. ரெத்தினம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ எதிர்பார்க்கிறவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ரெத்தினத்தோடு யாரும் பேசக் கூடாது, சேர்ந்து நிற்கக் கூடாது என்று முடிவானது.

முன்பே போட்ட காவல் முறையை யாரும் மாற்றவில்லை; அன்றிரவு பாலத்தில் ரெத்தினத்துக்கும் செல்லதுரைக்கும் முறை.

"அண்ணன் தன் முறைன்னா போவாம இருக்காது," என்றாள் அம்சம், சோற்றுத் தூக்கை மூடியபடி. "அது ஒத்தையிலயா நிக்கும்?"

"தெருக் கட்டுப்பாடு அம்சம். நான் என்ன பண்றது?"

தூக்கை அவள் அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தொடவில்லை. பாலத்துக்கும் போகவில்லை.

லாரி விடியுமுன் வந்தது. மறித்து நின்றது ரெத்தினம் ஒருவன்தான். இரண்டு பேர் இருந்திருந்தால் ஒருவன் ஓடிவந்து தெருவை எழுப்பியிருப்பான். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவன் வலது கையை வைத்து, இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு லாரியை ஓட்டிப் போனார்கள். அன்று மதியத்துக்குள் வெளியூர் ஆட்கள் பெரிய மிராசு வயலில் பாதியை அறுத்துக் கட்டிவிட்டார்கள்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அம்சம் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கை தலையணைமேல் கிடந்தது. நான்கு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது.

"வா மாப்ள," என்றான் ரெத்தினம்.

செல்லதுரை கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றான்.

"அன்னிக்குப் பாலத்துல எனக்கும் கேட்டுச்சு. ஃபெண்டருதான். ஆனா வெரல் யாருதுன்னு எனக்குத் தெரியாதா? என்ன மாரி ரெண்டு வெரல்ல தட்டுனா சுரம் நறுக்குன்னு எந்திரிக்கும். உன் கட்டவெரலு மெத்துன்னு உக்காரும். கடைசித் தட்டுல கீழேருந்து இழைச்சுக்கிட்டு வருவ. எந்தக் கிடாரக் குடுத்தாலும் அப்படித்தான் வருவ."

அம்சம் தலையை நிமிர்த்தினாள்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே மச்சான்," என்றான் செல்லதுரை.

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." ரெத்தினம் கட்டைவிரலை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். வலியில் முகம் சுருங்கியது. "இனிமே நானும் உன்ன மாரிதான் வாசிக்கணும்."

அம்சம் எழுந்து அண்ணனின் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். அவள் செல்லதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தங்கையனும் தெரு ஆட்களும் குந்தியிருந்தார்கள். டீக்கடைப் பையன்களும் இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் உள்ளே போய்ப் பேசலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"என்னப்பா சொல்றான்?" என்றார் தங்கையன்.

செல்லதுரை அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தான்.

"அன்னிக்குக் கேட்டது ஃபெண்டருதாங்க. கழுத்து நீளம், முழு மரம், அதனால சத்தம் நிக்கும். அதெல்லாம் சரி. ஆனா கம்பியத் தட்டுற வெரலுன்னு ஒண்ணு இருக்கு. அத நான் உங்களுக்குச் சொல்லித் தரல. மச்சான் தட்டுறது ரெண்டு வெரல்ல, அன்னிக்குத் தட்டுனது இது."

தன் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினான். பையன்கள் வழக்கம்போல் கவனமாகக் கேட்டார்கள். முதலில் புரிந்துகொண்டது அன்று ஃபெண்டர் என்று சொன்ன அந்தப் பையன்தான். அவன் மெல்ல எழுந்து நின்றான்.