அவரைப் பந்தலில் சிக்கிய கிடா

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் எங்கள் அவரைப் பந்தலில் ஒரு கிடா சிக்கிக்கொண்டு நின்றது. கொம்பு இரண்டும் கொடியில் மாட்டியிருந்தன. அது இழுத்த இழுப்பில் பந்தலே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அம்மா பந்தலைப் பார்த்து, “பிஞ்செல்லாம் போச்சே” என்றாள். அப்பா கிடாவைப் பார்த்துக் கண்களை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அப்பா வேதமாணிக்கத்துக்குத் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் உபதேசியார். சித்திரபுரத்துக்கு மேலே, எங்கள் எஸ்டேட்டில், தகரக் கூரை போட்ட சின்ன வேதக்கோவில் ஒன்று உண்டு. பாதிரி ஐயர் மாதம் ஒருமுறை மூணாறிலிருந்து வருவார். மற்ற வாரங்களில் பிரசங்கம் அப்பாதான். அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. அந்த மரியாதை போதவில்லை என்று தோன்றும் நாட்களில் அப்பா குரலைப் பெரிதாக்கும் தகரக் குழலை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய், வாசல் வாசலாக நின்று மனந்திரும்பச் சொல்லுவார். உள்ளே சோறு வேகிறதா, பிள்ளை தூங்குகிறதா என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பண்டிகைக்கு ஒவ்வொரு வீடும் ஏதாவது காணிக்கை கொண்டுவரும். கோழி, முட்டை, பூசணி, பனங்கருப்பட்டி. அவற்றைக் கோவிலில் ஏலம் விட்டு, பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அசனம் என்கிற பொது விருந்து சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் பூசணிதான் போகும். உபதேசியார் வீட்டுப் பூசணி என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. சொல்லும்போது யாராவது சிரிப்பார்கள்.

போன ஞாயிறு அப்பா பேசியது ஆபிரகாமைப் பற்றி. மகனைப் பலியிடப் போன இடத்தில், கொம்பு புதரில் சிக்கிய கடாவை ஆண்டவர் காட்டிக்கொடுத்த கதை. அந்த வாரமே எங்கள் தோட்டத்தில் கொம்பு சிக்கிய கிடா.

“கர்த்தர் பாத்துக்கிட்டார்” என்றார் அப்பா.

அம்மா கிட்டப் போய்க் குனிந்தாள். “காது கீறியிருக்குங்க.”

“நாய் கடிச்சிருக்கும்.”

“நாய் அளவெடுத்தா கடிக்கும்?”

எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர் மாடசாமியைக் கும்பிடுகிறவர்கள். பிள்ளைக்கு நோவு வந்தால் சாமிக்குக் கிடா நேர்ந்து, காதைக் கீறி அவிழ்த்துவிடுவார்கள். கொடைத் திருவிழாவில் வெட்டும்வரை அது கட்டில்லாமல் திரியும். யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள். காணோம் என்று தேடவும் மாட்டார்கள். சாமி ஆட்டைச் சாமி பார்த்துக்கொள்ளும். இந்த வழக்கத்தைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதற்கு எதிராகத்தான் அவர் தகரக் குழலில் பேசிவந்தார்.

“யாரோட ஆடு இது?” என்று அப்பா மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அடுப்படியில் நின்றுதான் கேட்டார்.

பண்டிகையன்று கிடாவின் தலையில் செவ்வந்தி மாலையைச் சுற்றினார். அழகுக்கு என்றார். மாலை காதை மறைத்தது. கோவில் வாசலில் கிடாவைக் கண்டதும் ஐயரே எழுந்து வந்தார். “கொடுத்தா இப்படிக் கொடுக்கணும்” என்று சபைக்கு எடுத்துச் சொன்னார். சபையார் சேர்ந்தே அதை ஏலத்தில் எடுத்து, அசனத்துக்கென்று அறுத்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைத் தாழ்மை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவேளை பாதி அதுவும்தானோ என்னவோ.

அசனத்துக்குச் சாதி மதம் கிடையாது. மேல் லயத்திலிருந்து சின்னத்தாயும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து பிழைத்த பையன். அவனுக்கு ஈரலாகப் பார்த்து ஊட்டினாள். “நல்லா மேஞ்ச ஆடு. கறி பஞ்சா இருக்கு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அன்று கறி தொடவில்லை. பல் வலி என்றாள்.

பங்குனியில் கொடை நெருங்கியபோதுதான் சின்னத்தாய் தன் கிடாவைத் தேடினாள். காய்ச்சலில் கிடந்த பையனுக்காக நேர்ந்தது. காது கீறிய, செந்நிற வெள்ளாட்டுக் கிடா. எங்கும் இல்லை. பையன் ஒருமுறை இருமினாலும் அவள் நடுங்கினாள். சாமிக்குச் சொன்னது நடக்காமல் போனால் பையனை எடுத்துக்கொள்ளும் என்று கிணற்றடியில் அழுதாள்.

திருடன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சோலைதான். இரண்டு பிள்ளைகளும் சீக்குக்கார மனைவியும் உள்ள சோலை. கங்காணி அழகுமலை அவனைப் பிரட்டுக்களத்தில், ஆட்கள் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

“ஏலே, கொடைக்குள்ள கிடா வந்து நிக்கணும். இல்ல, உன் பேர வெட்டிருவேன். பெட்டி படுக்கையோட கீழ எறங்கிக்க.”

அன்று சாயங்காலமே கங்காணி எங்கள் வீட்டுக்கும் வந்தார். “உபதேசியாரே, நீங்க பேசினா அவன் அழுதுருவான். உண்மையக் கறந்துட்டு வாங்க.”

அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஏன் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வீட்டோடு இருந்ததால், குழல் தூக்கிக்கொண்டு கூடப் போவது என் வேலை. சோலை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அப்பா அவன் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“சோலை, மனசுல பாரம் இருந்தா…”

“இருக்கு அய்யா. ஆனா ஆடு இல்ல.” அவன் கோடாலியைக் கீழே வைத்தான். “இருந்தா உங்ககிட்ட மறைப்பனா? போன வருசம் நீங்க வந்து, சொல்லிரு, மனசு லேசாகும்னு சொன்னீய. நானும் கங்காணியார் வீட்டுக் கோழிய எடுத்தத எல்லார் முன்னாலயும் சொன்னேன்.”

“நல்ல காரியம் செஞ்ச.”

“மனசு லேசாத்தான் ஆச்சு. ஆனா அதுக்கு முன்னால என்னைக் கள்ளன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப எஸ்டேட்ல ஒரு ஊசி காணோம்னாலும் எங்க வீட்டத்தான் எட்டிப் பாக்காக. இந்த ஆட்டையும் நான்தான் எடுத்தேன்னு சொல்லணும்னா சொல்லிருதேன் அய்யா. எடுக்காததுக்கு எப்படி மனந்திரும்பணும்னு மட்டும் சொல்லிக்கொடுங்க.”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அப்பா, “ஜெபிப்போம்” என்றார். நீளமாக ஜெபித்தார். மலைத்தோட்டங்கள், அதிகாரிகள், வியாதியஸ்தர் எல்லாரையும் நினைத்தார். திரும்பும் வழியில் குழலை என்னிடமிருந்து வாங்கித் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா பிரசங்கம் செய்ததைப் போல அந்தக் கோவில் அதற்கு முன் கேட்டதில்லை. பாவிகளில் பிரதான பாவி நான்தான் என்று மார்பில் அடித்துக்கொண்டார். குரல் உடைந்தது. பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. முடிந்ததும் பெரியவர்கள் வந்து கையைப் பிடித்து, “இப்படித் தாழ்மையுள்ள மனுசனை நாங்க பாத்ததில்ல” என்றார்கள். அப்பா மெலிந்து போன முகத்தோடு, ஆனால் கொஞ்சம் தெளிச்சியாக, வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார்.

அம்மா ரசத்தை ஊற்றினாள். “பிரசங்கம் நல்லாருந்துச்சு.”

“ஆண்டவர் பேசினார்.”

“ஆபிரகாம் வந்தார், தாவீது வந்தார், பேதுரு வந்தார். ஆடு மட்டும் வரலையே.”

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடியலில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வேதப்புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

“அதோட போனா பிரசங்கம்னு நினைச்சு ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க” என்றாள்.

பிரட்டுக்களத்தில் பனிக்குள் எல்லாரும் கூடை மாட்டி நின்றார்கள். அப்பா முன்னால் போய், “பிரியமானவர்களே” என்று தொடங்கினார். பின்வரிசையில் ஒருவன், “விடியுமுன்னாலயேவா” என்று முனகினான். அப்பா நிறுத்தினார். வெறுங்கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“சின்னத்தாயோட கிடாவை நான்தான் எடுத்தேன். எங்க பந்தல்ல சிக்கி நின்னுச்சு. காது கீறியிருந்தது எனக்குத் தெரியும். சோலைக்கு இதுல சம்பந்தம் இல்ல.”

அழகுமலைதான் முதலில் கேட்டார். “அப்ப அசனத்துல நாங்க தின்னது?”

“அதுதான்.”

“நானும் தின்னேனே” என்றாள் சின்னத்தாய். “எம் பிள்ளைக்கும் ஊட்டினேனே.” கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்பா எதிரில் வந்து நின்றாள். “வாங்க. இதச் சாமிகிட்ட வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன? நேந்தது அவருக்கு.”

மாடசாமி என்பது சவுக்கு மரத்தடியில் நட்டிருக்கும் ஒரு கல். அதைக் கல் என்று எஸ்டேட் முழுக்கக் கேட்கச் சொன்னவர் அப்பா.

“நான் கும்பிட மாட்டேம்மா” என்றார் மெதுவாக.

“யாரு கும்பிடச் சொன்னா? எடுத்தேன்னு சொல்லுங்க, போதும்.”

வேலை மணி அடித்தும் யாரும் மலையேறவில்லை. எல்லாரும் பின்னால் போனோம். அப்பா செருப்போடு நிற்பதா, கழற்றுவதா என்று யோசித்து, ஒன்றைக் கழற்றி ஒன்றோடு நின்றார். கல்லைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். “உமக்கு நேர்ந்த கிடாவை நான் எடுத்தேன். என் பெருமைக்காக எடுத்தேன். மன்னியும்” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று அவருக்குத் தெரியும். சின்னத்தாய்க்கும் யாரிடம் சொன்னார் என்று தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. என் காதில் விழுந்தவரையில், அப்பா செய்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான்.

“சரி. ஆட்டுக்கு ஆடு?” என்றார் அழகுமலை.

“எங்க வீட்டுக் கிடாக் குட்டியத் தாறேன்.”

கூட்டத்தின் ஓரத்திலிருந்து சோலை மரியாதையாகக் கேட்டான். “அய்யா, வேதத்துல சகேயு, எடுத்த ஒண்ணுக்கு நாலத்தனையாத் திருப்பிக் கொடுத்தான்னு நீங்க சொன்னதா ஞாபகம்.”

அன்றைக்கு முதன்முதலாக எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்கும் வாய் கோணியது. எங்களிடம் ஒரு குட்டிதான் இருந்தது. மீதி மூன்றைச் சாமி விட்டுக்கொடுத்ததாகச் சின்னத்தாய் அறிவித்தாள்.

கொடைக்குக் குட்டி வளர்ந்திராததால் அடுத்த வருஷத்துக்கு வாய்தா கிடைத்தது. காது கீறி அவிழ்த்துவிட்டார்கள். வளர்ந்த இடத்தை மறக்காமல் அது தினமும் எங்கள் பந்தலுக்கே வந்தது. சாமி ஆட்டை அடிக்கக்கூடாது. அப்பா வாசலில் நின்று, “போ, கண்ணு, அந்தப் பக்கம் போ” என்று கெஞ்சுவார். அது கேட்காது.

வெகுநாள் தகரக் குழல் ஆணியிலேயே தொங்கியது. சித்திரையில் ஒரு சாயங்காலம் அப்பா அதை எடுக்காமலேயே கிளம்பினார். சோலையின் வாசலுக்கு வெளியே நின்று, “சோலை, ஒரு வார்த்தை பேசலாமா?” என்று கேட்டார்.

“சோறு வேகுது அய்யா. செத்த இருங்க” என்றான் சோலை உள்ளிருந்து.

அப்பா விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தார்.